டேப் அக்காவும் குறைகள் பத்தியும்

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவருடைய பதவிக்கு நீளமான பெயர் உண்டு. அடையாள அட்டையில் இரண்டு வரி பிடிக்கும். அதை முழுசாகச் சொன்னவர் யாரும் இல்லை. கழுத்தில் எந்நேரமும் ஓர் அளவு நாடா தொங்கும் என்பதால் பியூன் முதல் டீன் வரை எல்லாருக்கும் அவர் டேப் அக்காதான்.

வீடு வீடாகப் போய் இடுப்பு, கை, கணுக்கால் என்று அளந்து, கேள்வி கேட்டு, படிவம் நிரப்பி வருவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். துணி தைக்க அளவெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பாதிப் பேர் கதவைத் திறந்துவிடுவார்கள். திறந்த கதவை மறுபடி சாத்துவது அவ்வளவு சுலபமில்லை. அக்காவின் வாய் அப்படி. வேண்டாவெறுப்பாக உள்ளே விட்டவர்கள்கூடக் கால் மணி நேரத்தில் தங்கள் மருமகன் குணத்தையும் மலச்சிக்கலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருப்பார்கள்.

அந்த வருஷம் கையில் இருந்தது முழங்கால் வலி ஆய்வு. நடத்தியவர் மூட்டு டாக்டர். அறுபதை நெருங்கும் அம்மா. நடக்கும்போதே பேசுவார், பேசும்போதே கையெழுத்துப் போடுவார், உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஐம்பது வயது தாண்டிய, முழங்கால் வலிக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருந்தார். பாதிப் பேர் பன்னிரண்டு வாரம் தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும். மறுபாதி எப்போதும்போல இருந்தால் போதும். ஆரம்பத்திலும் முடிவிலும் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எண் சொல்லத் தெரியாதவர்களுக்காக, சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும் ஓர் அட்டை.

நடக்கிறவர்களுக்கு மட்டும் இடுப்பில் மாட்டிக்கொள்ளத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள். எத்தனை அடி நடந்தார்கள் என்று அது எண்ணிச் சொல்லும். அதற்கும் பெரிய பெயர் இருந்தது. எல்லாரும் டப்பி என்றார்கள்.

முதல் வாரமே தையல்கார அம்மா ஒருவரின் டப்பி, நாளுக்கு இருபத்தெட்டாயிரம் அடி என்று காட்டியது.

"ஏம்மா, ஊரையே சுத்தி வந்தீங்களா?" என்றார் டேப் அக்கா.

"நான் எங்கக்கா போனேன். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர். உட்கார்ந்த இடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல."

அக்கா குனிந்து பார்த்தார். இடுப்பில் குத்துகிறது என்று அந்த அம்மா டப்பியைக் கணுக்காலில் கட்டியிருந்தார். கால் தையல் மெஷினின் மிதியில் இருந்தது. மிதி ஏற, இறங்க, டப்பி தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். ஆறாயிரம் என்றால் ஆறாயிரம். ஒரு நாளும் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் என்று வராது. ஒரு நாள் அக்கா முன்னறிவிப்பு இல்லாமல் போனபோது அவர் சாய்ந்தாடும் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டப்பி நாற்காலியின் கைப்பிடியில் ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டுத் தானும் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், இது என்ன?"

"டாக்டரம்மா ஆறாயிரம் வேணும்னு சொன்னாங்க. வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்னம்மா உனக்கு?"

இதையெல்லாம் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. மெஷின் மிதி என்றோ நாற்காலி என்றோ எங்கே டிக் அடிப்பது? அதனால் அக்கா தன் சொந்த நோட்டில் எழுதி வைத்தார். தேதி, வீட்டு எண், நடந்தது. கூடவே, பஸ் குலுங்குவதையும் டப்பி அடியாக எண்ணுமோ என்ற சந்தேகத்தில், பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், டப்பியைத் தொலைத்துவிட்டு வேறு வாங்கினவர்கள் எத்தனை பேர் என்றும். அந்த நோட்டில் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி அவர் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தார்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில், நடந்தவர்களுக்கு வலி இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் மேலே குறைந்திருந்தது. நடக்காதவர்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மூட்டு டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே மாதத்தில் கட்டுரை எழுதிவிட்டார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் டேப் அக்காவின் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு நகலை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்திவிட்டு நிமிரும்போது அக்காவின் கண் மேலே இருந்த பத்தியில் விழுந்தது. 'இந்த ஆய்வின் குறைகள்' என்று தலைப்பு. கீழே மூன்றே வாக்கியம். 'இது ஒரே இடத்தில் நடத்தப்பட்ட ஆய்வு. பங்கேற்றோர் எண்ணிக்கை குறைவு. தோள்பட்டை வலி குறித்து மேலும் விரிவான ஆய்வுகள் தேவை.'

தோள்பட்டை.

அக்கா மறுபடி படித்தார். தோள்பட்டையேதான். நாலு வருஷத்துக்கு முன்பு இதே டாக்டர் தோள்பட்டை ஆய்வு ஒன்று செய்தார். அதிலும் அக்காதான் அளவெடுத்தார். பீரோவைத் திறந்து பழைய கட்டுரையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதே மூன்று வாக்கியம், கமாகூட மாறாமல்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ கோபம் வந்தது. வெயிலில் அலைந்து நோட்டு நிறைய எழுதியிருக்கிறோமே, அதில் ஒன்றைக்கூட ஒருவரும் கேட்கவில்லையே என்ற கோபம். நகலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே புள்ளி சாரிடம் போனார்.

புள்ளி சார் என்பவர் புள்ளிவிவரம் பார்ப்பவர். மாடிப்படிக்குக் கீழே, பழைய ஸ்கேன் மெஷின் வைத்திருந்த அறையில் இருப்பார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. வெளியே வெயில் அடிக்கிறதா மழை பெய்கிறதா என்று அவருக்கு அக்கா சொன்னால்தான் தெரியும்.

"சார், முழங்காலுக்குத் தோள்பட்டை எப்பலேருந்து சொந்தமாச்சு?"

அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வெட்டி ஒட்டினதுல தங்கிடுச்சு. எடுத்துடலாம்க்கா."

"எடுத்துட்டா சரியாப் போச்சா? இதுல இருக்குற குறை ஒண்ணுகூட நம்ம குறை இல்லையே."

"எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. ஆளு கம்மி, இடம் ஒண்ணு, இன்னும் ஆராயணும். கட்டுரைன்னா அந்த இடத்துல ஏதாவது இருக்கணும், அவ்ளோதான்."

"அப்ப நாற்காலி?"

"எந்த நாற்காலி?"

அக்கா சொன்னார். புள்ளி சார் விழுந்து விழுந்து சிரித்தார். தையல் மெஷின் கதை வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் கதை வந்தபோது சிரிப்பு குறைந்தது. நோட்டில் பதினாலு பக்கம் இருக்கிறது என்று அக்கா காட்டியபோது அவர் முகத்தில் சிரிப்பு சுத்தமாக இல்லை.

"அக்கா, உட்காருங்க," என்றார். "குறை இருக்குன்னு சொன்னாப் பத்தாது. அது பதிலை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்லணும். இப்ப, அந்த சார் நடக்கவே இல்ல. ஆனா நடந்தவங்க கணக்குல இருக்கார். அதனால நடையோட பலன் உண்மையில இருக்குறதவிடக் கம்மியாத் தெரியும். புரியுதா?"

"புரியுது. அது நம்மளுக்கு விரோதமா இழுக்குது."

"கரெக்ட். நமக்குச் சாதகமா இழுக்குறது ஏதாவது இருக்கா?"

அக்கா நோட்டை மூடினார். "யோசிச்சுச் சொல்றேன்," என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அடுத்த நாள் காலையில் அவர் பெல்ட்டில் அக்கா ஒரு டப்பியை மாட்டிவிட்டார்.

"என்னம்மா இது, வேவு பாக்குறியா?"

"நீங்க எங்க போறீங்கன்னு ஊருக்கே தெரியும். பஸ்ஸு நம்பர் போட்டிருக்கு. சும்மா மாட்டிட்டுப் போங்க."

சாயங்காலம் வந்தபோது டப்பி பதினோராயிரத்து முந்நூறு காட்டியது. அன்றைக்கு அவர் நடந்ததெல்லாம் டிப்போ வாசலிலிருந்து டீக்கடைக்கும் திரும்பவும்தான். மிச்சமெல்லாம் பஸ் குலுங்கினது.

"பாத்தியா, நான் எவ்ளோ உழைக்கிறேன்," என்றார் அவர், சோபாவில் சாய்ந்தபடி.

அக்கா அதையும் நோட்டில் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, சாதகமாக இழுக்கிறது என்ன என்று யோசித்ததைக் கணவரிடம் சொன்னார்.

இரண்டு விஷயம். ஒன்று சின்னது. நடக்கிறவர்கள் மேல் அவருக்குத் தனிப் பாசம் விழுந்துவிட்டது. அதனால் முடிவில் அவர்களிடம் அட்டையை நீட்டும்போது, "இப்பப் பரவாயில்லதானே?" என்றே கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டால் யார் அழுகிற முகத்தைக் காட்டுவார்கள்? நடக்காதவர்களிடம் மட்டும், "வலி எவ்ளோ?" என்று படிவத்தில் இருக்கிறபடி கேட்டார். இது வேண்டுமென்று செய்ததல்ல.

இரண்டாவது அப்படியல்ல. நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறு வாரம் லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. அக்காவுக்கே முழங்கால் வலி உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு நாள் ஏறினார். மூன்றாம் நாள் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்தபடி பத்து நிமிஷம் நின்றார். பிறகு கீழே இறங்கி, மேலே இருந்த இருபத்து மூன்று வீட்டுக்கும் போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். படிவத்தில் 'நேரில் / தொலைபேசியில்' என்று இரண்டு கட்டம். அவர் 'நேரில்' என்பதில் டிக் அடித்தார்.

கணவர் எழுந்து உட்கார்ந்தார். "சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது."

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

அவர் சற்று நேரம் டப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா நீ படி ஏறும்போது ஒரு கையால செவுத்தப் பிடிக்குற. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். கேக்கல," என்றார். சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மூட்டு டாக்டர் அறையில் மூன்று பேரும் கூடினார்கள். நகலில் தோள்பட்டையைச் சுற்றி அக்கா போட்டிருந்த வட்டத்தைப் பார்த்து டாக்டர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நாற்காலிக் கதைக்கு இன்னும் சிரித்தார். ஆனால் இதையெல்லாம் கட்டுரையில் எழுத வேண்டும் என்று புள்ளி சார் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? மத்தவங்க ஆய்வுல நாற்காலி இல்லையா? இருக்கும். யாராவது எழுதுறாங்களா? நாம மட்டும் எழுதினா, நம்மளுது மட்டும்தான் ஓட்டைன்னு நினைப்பாங்க."

"ஓட்டை இருக்குன்னு சொல்றதுக்குத்தானே மேடம் அந்தப் பத்தி?" என்றார் புள்ளி சார்.

"இருக்குன்னு சொல்லலாம். எங்கன்னு விரல் வெச்சுக் காட்டணுமா?"

அப்போது அக்கா வாயைத் திறந்தார். "மேடம், இன்னொண்ணு இருக்கு. அது நாற்காலி மாதிரி சிரிக்கிற விஷயம் இல்ல." இருபத்து மூன்று வீட்டையும் சொன்னார். முழங்காலைச் சொன்னார். டிக் அடித்ததைச் சொன்னார். எதையும் விடவில்லை.

டாக்டர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

"நீங்க போங்க," என்றார், அக்காவைப் பார்க்காமல்.

மூன்று நாள் பேச்சு இல்லை. வராந்தாவில் எதிரே வந்தால் டாக்டர் கையிலிருக்கும் ஃபைலைப் பார்த்தபடி கடந்து போவார். எல்லாருக்கும் அக்காவாக இருந்தவர் திடீரென்று யாருக்கும் ஒன்றுமில்லாதவர்போல மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவினார். சீவ வேண்டிய பென்சிலெல்லாம் சீவி முடித்துப் பக்கத்து மேஜைப் பென்சிலையும் சீவினார்.

நாலாம் நாள் டாக்டர் தானே வந்தார். "நெறிமுறைக் குழுவுக்கு எழுதிட்டேன். உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். அது என் கையில இல்ல."

"சரிங்க மேடம்."

"வேலையை விட்டு எடுக்கணும்னு ஒருத்தர் சொன்னார். நான் ஒத்துக்கல." அவர் கொஞ்சம் தயங்கினார். "லிஃப்ட் ரிப்பேர்னு அப்பவே நீங்க என்கிட்ட சொன்னீங்க. ஞாபகம் இருக்கு. சரி பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எப்படிப் பாத்துப்பீங்கன்னு கேக்கல. பன்னிரண்டு வாரத்துல ஒரு நாள்கூட அந்தக் கட்டடத்துப் பக்கம் நான் வந்தது இல்ல. அதுவும் ஒரு குறைதான். எங்க எழுதுறதுன்னுதான் தெரியல."

அந்த இருபத்து மூன்று வீட்டையும் விட்டுவிட்டுப் புள்ளி சார் மறுபடி கணக்குப் போட்டார். இரண்டு புள்ளிக்கு மேல் இருந்த பலன் ஒன்றரையாகச் சுருங்கியது. பலன் இருந்தது, ஆனால் கொண்டாடுகிற அளவுக்கு இல்லை. குறைகள் பத்தி மூன்று வாக்கியத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாக வளர்ந்தது. கால் மிதி, நாற்காலி, பஸ் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எந்தப் பக்கம் இழுக்கும் என்ற குறிப்போடு. அளவெடுத்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரிந்திருந்தது, நடந்தவர்களிடம் சாதகமாகக் கேள்வி கேட்கப்பட்டது, ஆகவே ஒன்றரை என்பதும் உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். அந்த வாக்கியத்தை அக்காவே உட்கார்ந்து திருத்தினார். 'இருக்கக்கூடும்' என்று புள்ளி சார் எழுதியிருந்ததை, "கூடும் என்ன கூடும், இருக்கும்," என்று அடிக்கப் போனார். அவ்வளவு உறுதியாகத் தெரியாது என்று புள்ளி சார் கெஞ்சி 'இருக்கலாம்' என்பதில் வந்து நின்றது.

முதல் பத்திரிகை இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பியது. ஆய்வாளர்களுக்கே தங்கள் ஆய்வில் நம்பிக்கை இல்லாததுபோலத் தெரிகிறது என்று மதிப்பிட்டவர் எழுதியிருந்தார். டாக்டர் அந்தத் தாளை அக்கா மேஜையில் வைத்து, "நான் சொன்னேனா இல்லையா?" என்ற முகத்தோடு போனார். ஆனால் பத்தியில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. இரண்டாவது பத்திரிகை ஐந்து மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டுப் போட்டது. அங்கே மதிப்பிட்ட ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்று: தையல் மெஷின் இல்லாதவர்களையும் சேர்த்து, கணுக்காலில் கட்டியவர்கள் மொத்தம் எத்தனை பேர்? நோட்டில் இருந்தது. ஒன்பது.

கட்டுரை வந்த பிறகு வேறோர் இடத்திலிருந்து கடிதம் வந்தது. இதேபோல் ஆய்வு செய்து முடித்த குழு. தங்களிடம் பங்கேற்றவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்றே கேட்கவில்லை என்றும், இதைப் படித்த பிறகு போய்க் கேட்டதில் பதினொரு பேர் தையல் வேலை செய்கிறவர்கள் என்றும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்து மூட்டு டாக்டர் சிரித்த சிரிப்பு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை வரை கேட்டது.

ஆய்வின் முடிவைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. வழக்கமாகத் தபாலில் ஒரு தாள் போகும். இந்த முறை டாக்டர், தானும் வருவதாகச் சொல்லி அக்காவோடு நாலு மாடிக் குடியிருப்புக்குப் புறப்பட்டார். லிஃப்ட் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் படிப் பக்கம் திரும்பினார்.

"மேடம், லிஃப்ட் இருக்கு."

"நீங்க அதுல வாங்க. நான் ஏறிப் பாக்குறேன்."

நாலாவது மாடியில் அக்கா காத்திருந்தார். டாக்டர் வந்து சேர வெகுநேரம் ஆனது. வந்ததும் முதல் வீட்டில் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, பேச வராமல் கையால் சைகை காட்டினார், நீங்களே சொல்லுங்கள் என்று.

"நடந்தா வலி கொஞ்சம் குறையுதும்மா," என்றார் அக்கா அந்த வீட்டுக்காரம்மாவிடம். "எவ்ளோன்னு எங்களுக்கே சரியாத் தெரியல. உங்ககிட்ட நேர்ல வந்து கேட்டிருக்கணும். நான் போன்ல கேட்டேன். அதனால உங்க கணக்கச் சேக்காம விட்டுட்டோம்."

"இதச் சொல்லவா டாக்டரம்மா இப்படி மூச்சு வாங்க ஏறி வந்தாங்க?" அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். "அன்னிக்கு போன்ல நாலுன்னு சொன்னேன். நிஜமா ஆறு. நீங்க ஆசையாக் கேட்டீங்க, மனசு வரல."

அக்கா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை, கட்டுரை அச்சாகிவிட்டது. இருந்தாலும் எழுதினார்.

அடுத்து வந்தது தூக்கம் பற்றிய ஆய்வு. இந்த முறை படிவம் அச்சுக்குப் போவதற்கு முன்பே அக்காவின் மேஜைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலைப்பு இல்லாமல் காலியாக ஒரு பெரிய கட்டம் விட்டிருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் அவர் ஃபைலில் இருக்கிறது. அதை யாராவது எடுத்துப் படித்தால் அவருக்கு இன்னும் காது சூடாகும். முழங்காலுக்கு அதே டாக்டரிடம் காட்டி, உறை மாட்டிக்கொண்டு நடக்கிறார். வீட்டுக்காரரையும் சாயங்காலத்தில் நடக்க இழுத்துப் போகிறார். தினமும் பதினோராயிரம் நடக்கிற மனுஷனுக்கு இது எதற்கு என்று அவர் முனகிக்கொண்டே பின்னால் வருகிறார்.